கற்பனை அழிவு இலக்கியம், எங்கட அழிவு அரசியலா?

எங்களில் ஒருத்தி முள்ளிவாய்க்கால்காரி. பட்ட ஆய்வுக்கு இரண்டு நாவல்களை ஒப்பிட விரும்பினாள். ஒன்று, இறுதிப்போரை வன்னிக்குள்ளேயே நின்று கடந்த தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்'. மற்றது, இத்தாலிய எழுத்தாளர் நிக்கோலோ அம்மானிதியின் 'அன்னா' (2015). கிடைத்த பதில்: "முதலாவது அரசியல், பிள்ளை. இத்தாலி நாவலை மட்டும் எடும்."

கற்பனையில் உலகம் அழிந்தால் இலக்கியம். கண்முன்னே அழிந்தால் அரசியல். நல்ல நியாயம்!

இத்தாலியோடு எங்களுக்குக் கோபமில்லை. 'அன்னா'வில் ஒரு கிருமி பெரியவர்களையெல்லாம் கொன்றுவிடுகிறது. சிசிலித் தீவில் பிள்ளைகள் மட்டும் மிச்சம். குயிதோ மொர்செல்லியின் நாவலில் மனித இனமே ஓரிரவில் மறைந்துபோக, ஒருவன் தனித்து நிற்கிறான். இப்படியான நாவல்களையும் படங்களையும் ஆராய்ந்தே பேராசிரியரானவர்கள் ஐரோப்பாவில் இருக்கினம். தேவையான படிப்புத்தான். அதே படிப்பு முள்ளிவாய்க்காலுக்கு வரேக்க மட்டும் ஏன் கை நடுங்குது?

"இன்னும் கொஞ்சக் காலம் போகட்டும்" எண்டு சொல்லுவினம். இத்தாலியரான பிரிமோ லெவி நாசி வதைமுகாமிலிருந்து மீண்டது 1945இல். 1947இலேயே அவரது சாட்சிய நூல் வந்துவிட்டது. இண்டைக்கு அதை இத்தாலியப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கினம். 2009இலிருந்து எத்தனை வருஷம் போச்சு, எண்ணிப் பாருங்கோ.

"தரவுகள் சர்ச்சைக்குரியவை" எண்டும் சொல்லுவினம். உண்மைதான். 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்று ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 2012இல் சொன்னது. செத்தவர்களின் எண்ணே முடிவாகாத இடத்தில் சாட்சியங்களையும் நாவல்களையும் கவனமாக வாசிக்காமல் வேறெதை வாசிக்கிறது?

ஒண்டை மட்டும் அவையிட்ட அப்படியே கடன்வாங்க ஏலாது: 'அழிவுக்குப் பிந்திய' எண்ட சொல். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தில் இருந்த அம்மாமாருக்குப் பதில் இன்னும் வரேல்லை. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களைக் கைது செய்தார்கள். அரிசி, தண்ணி, உப்பு. அதுக்கே கைது. எங்களுக்கு அந்தப் 'பிந்திய' காலம் இன்னும் தொடங்கவேயில்லை.

'அன்னா'வில் சாகப்போகும் தாய், பிழைக்கும் வழிகளைப் பிள்ளைக்கு ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறாள். எங்கட அம்மாமார் எழுதிவைக்கேல்லை. வருஷா வருஷம் காய்ச்சி ஊத்தித் தந்தவை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத முள்ளிவாய்க்கால் பிள்ளையை விட ஆருக்குத் தகுதி இருக்கு?

நாங்கள் எழுதாட்டில் நாளைக்கு வெளியிலிருந்து ஆரோ வந்து எங்கட கஞ்சிக்குக் கலைச்சொல் வைப்பினம். நாங்கள் அவைக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராய் நிற்போம். அதுக்கு நாங்கள் தயாரில்லை.

தலைப்பை மாத்த மாட்டம்.