யார் உழைப்புக்கு எது கூலி?

வெள்ளையர் ஆட்சியில் நம் அறந்தாங்கி தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தது. காலரா வந்தால் கிணற்றுக்கு மருந்து போட்டவர்களும், வீடு வீடாக அம்மை குத்தியவர்களும் அடிமட்டச் சிப்பந்திகளே. ஆனால் சம்பள விகிதம் உழைப்பைப் பார்க்கவில்லை. பதவியையும் தோலின் நிறத்தையும் பார்த்தது. 1924இல் லீ கமிஷன், ஐரோப்பிய உயர் அதிகாரிகள் குடும்பத்தோடு சீமை சென்றுவரக் கப்பல் செலவுக்கே சிபாரிசு செய்தது!

வெள்ளையன் 1947இல் போனான். அவன் வைத்த ஏணி போகவில்லை. 2015இல் தமிழக அரசு ஆயிரக்கணக்கான நர்சுகளை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தது. நிரந்தர நர்சு போடும் அதே ஊசி, அதே ராத்திரி டியூட்டி. சம்பளம் மட்டும் வேறு.

"பணமில்லை" என்பது பழைய பல்லவி. சம வேலைக்குச் சம சம்பளம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்று, பஞ்சாப் ஊழியர் வழக்கில் 2016இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்துவிட்டது.

ஆலைத் தொழிலாளிக்கும் நடவு நடும் பெண்ணுக்கும் அரசு ஆஸ்பத்திரியே கதி. நம் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பவரின் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? வேலையில் சேர்ந்த நாள் முதலே நிரந்தரச் சம்பள விகிதமும் பஞ்சப்படியும் வேண்டும். இது அவர்கள் கோரிக்கை மட்டுமல்ல, நம் கோரிக்கை!