வாயைக் கட்டச் சொல்வது வைத்தியம் அல்ல

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குள் பருமனான பெண் நுழைந்தால், பந்திக்குக் கூப்பிடுமுன்னே "என்னட்டி, இப்பிடிப் பெருத்துட்ட?" என்ற கேள்வி அவளை எதிர்கொள்ளும். கேட்பவர் அத்தையோ மைனியோதான், பாசமாகத்தான் கேட்பார். கூடவே, "வாயைக் கட்டு, எல்லாம் சரியாயிரும்" என்று புத்திமதியும் சொல்வார். உடல் பருமன் ஒரு குணக்கேடு, கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் வைராக்கியமும் இருந்தால் அது தீர்ந்துவிடும் என்று நம் ஊர் உறுதியாக நம்புகிறது. இந்த நம்பிக்கை பொய். நோயோடு இருப்பவரை அது மேலும் நோயாளியாக்குவதால், பெரியவர்கள் சொல் என்று கேட்டுக்கொண்டு போக முடியாது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களிலும் 28.2 என்பது 37 ஆகிவிட்டது. இந்தச் சில ஆண்டுகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் ஒரே சமயத்தில் வைராக்கியத்தைத் தொலைத்துவிட்டார்களா? வேலை மாறியிருக்கிறது, சாப்பாடு மாறியிருக்கிறது, தூக்கம் மாறியிருக்கிறது. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து நடந்தால் கூலி குறையும். அவர்களுடைய இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டு உடம்பு கனத்தால், "உக்காந்து தின்னா இப்படித்தான்" என்கிறோம். உட்கார வைத்தது யார் என்று கேட்பதில்லை. கணவர் சவூதியிலோ துபாயிலோ இருக்க, பிள்ளைகளையும் மாமியாரையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டு, வீடு அடங்கிய பிறகு அடுப்படியில் நின்று சாப்பிடுகிறவர்களும் இதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அந்த நேரத்துச் சாப்பாடு பசிக்கானது அல்ல.

வைராக்கியம் பேசுகிறவர்கள் 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகப்போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் அதற்கு முன்வந்தார்கள். ஊரே எதிர்த்தாலும் கொள்கையை விடாதவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குச் சாப்பாட்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களைப் புரட்டுவது, எரிச்சல், மனச்சோர்வு என்று அவர்கள் ஆளே மாறிப்போனார்கள். பட்டினி முடிந்தபின் எவ்வளவு தின்றும் அடங்காமல் தவித்தவர்களும் உண்டு. உடம்பு இளைக்க ஆரம்பித்தால் மூளை பசியைக் கூட்டும் என்பதற்கான காரணம் பின்னால் துலங்கியது: கொழுப்புத் திசு மூளைக்குச் செய்தியாக அனுப்பும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2025இல் இந்தியாவுக்கு வந்த மௌஞ்சாரோ ஊசியை வாரம் ஒருமுறை போட்டால் பசி குறைகிறது. பசியை அடக்குவது ஒழுக்கம் என்றால், ஊசியால் ஒருவருக்கு ஒழுக்கம் ஏற்ற முடியுமா?

மனதுக்கும் எடைக்கும் உள்ள உறவு இதைவிடப் பெரியது. பல நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பருமனாக இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம் என்றது. மனச்சோர்வில் இருப்பவர்கள் பருமனாகும் வாய்ப்பும் 58 சதவீதம் அதிகம். 1980களில் சான்டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடைக் குறைப்புச் சிகிச்சை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோவது அவருக்குப் புரியவில்லை. கூப்பிட்டுப் பேசினார். அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். உடம்பு பெருத்தால் யாரும் நம்மை அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்ற பாதுகாப்பு சிலருக்கு அந்த எடையில் இருந்தது. அப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் கல்யாண வீட்டில் நாம் வாயைக் கட்டச் சொல்கிறோம்.

வெட்கப்படுத்தினால் இளைப்பார்கள் என்பதும் பொய். சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவிக்கு வந்தும், கேலிக்குப் பயந்து சட்டையைக் கழற்றாமல் ஓரமாக நிற்கும் பையன் விளையாட்டுத் திடலுக்கும் போக மாட்டான். "குண்டு" என்று கூப்பிட்டே அவனை அசையாமல் உட்கார வைத்துவிட்டோம்.

பருமனோடு இருப்பவர்கள் மனநல ஆலோசனைக்குப் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்ற கேள்வி வரும். குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்று ஆட்களைக் கூட்டிவரும் வழக்கம் உள்ள ஊர் இது. அருவிக் குளியல் சுகம்தான். ஆனால், "நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது?" என்று அருவி கேட்காது. ஆலோசகர் கேட்பார். சாப்பிட்டதை, நேரத்தை, அப்போது இருந்த மனநிலையை எழுதிவரச் சொல்வார், திட்டாமல் படிப்பார், வாரத்துக்கு ஒரு சின்ன மாற்றத்தை நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்வார். இதற்கு நேரம் பிடிக்கும். அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைக் குழு 2018இல் பரிந்துரைத்த பழக்கமாற்றச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை முதல் ஆண்டில் 12 அமர்வுகளோ அதற்கு மேலோ கொண்டவை. நம் ஊரில் நோயாளிக்குக் கிடைப்பது, சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் சொல்லும் "வெயிட்டைக் குறைங்கம்மா" என்ற ஒரு வரி.

பருமனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மூட்டு வலியும் நிஜம். அதனால்தான், பயன்படாத திட்டை விட்டுவிட்டுப் பயன்படுகிற சிகிச்சையைக் கேட்கிறேன்.

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்கியது. உடல்நோய்க்குச் சமமாக அதை நடத்த வேண்டும் என்றது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில், அரசு மருத்துவமனையில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் இடத்திலேயே எடை அதிகமான ஒவ்வொருவருக்கும் ஆலோசகரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும். அதைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 முதல் இயங்குகிறது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எடையைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதில்லை. "எல்லாரும் தூங்கின பிறகு சாப்பிடுதேன், நிறுத்த முடியல" என்று சொன்னாலே போதும். அங்கேயிருந்து மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் அத்தையோ மைனியோ துணைக்குப் போகட்டும். போகிற வழியில் எடைப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம்.