டீச்சருக்கு எதற்கு வேலைக்கு ஆள்?

இது நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். விரல்கள் ஒத்துழைக்காததால் போனில் பேசித்தான் பதிவு செய்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டில் ல, ள தவறுக்கெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவள் இன்று உங்களிடம் சலுகை கேட்கிறேன்!

போன வாரம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பின் வரிசையில் இருந்த சொந்தக்கார அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "ஒண்டிக்கட்டை. ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னொரு ஆளா? பென்ஷன் வருதுல்ல, அதான்."

அன்று ராத்திரி கோபத்தில் தூக்கம் வரவில்லை. விடிந்த பிறகு யோசித்தால், அவர்மேல் தப்பில்லை என்று பட்டது. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, சிரித்துக்கொண்டு போயிருந்தேன். அந்தப் புடவையைக் கட்டிவிட்டது யார், ரவிக்கைக் கொக்கியை மாட்டிவிட்டது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு வந்திருப்பது முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குகிற நோய். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, மணிக்கட்டு திரும்பாது. ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு மெல்ல இளகும்.

இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. 2017இல் ஓய்வு பெற்றேன், அடுத்த வருடமே வலி தொடங்கியது. பார்த்த டாக்டர் முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு "தேய்மானம்தான், நாற்பது வருஷம் நின்னுக்கிட்டே பாடம் நடத்தியிருப்பீங்க" என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதினார். (முப்பத்தொரு வருடம்தான். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.) வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. பிறகு ஒருவர் சொன்னார் என்று பெயரே அச்சிடாத பொட்டல மருந்து வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. ஊரெல்லாம் அதைப் புகழ்ந்தேன். மூன்று மாதத்தில் முகம் ஊதி, சர்க்கரை ஏறி நின்றது. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று பின்னால் பார்த்த டாக்டர் சொன்னார். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்தியவள் செய்த காரியம் இது. அன்று என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

சரியான வழி காட்டியவள் என் மாணவி. நர்ஸாக இருக்கிறாள். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்து வணக்கம் சொல்லிக் கையைப் பிடித்தவள், "டீச்சர், காலையில எவ்வளவு நேரம் இப்படி விரல் மடங்காம இருக்கு?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. அவள் சொல்லித்தான் திருச்சிக்குப் போய் மூட்டுவாத நோய்க்கென்றே படித்த டாக்டரைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை, கைகளுக்கு எக்ஸ்ரே. அப்புறம்தான் உரிய மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடவேண்டிய மாத்திரை அது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இதே மாத்திரை கொடுத்திருந்தால், போய் அட்டையைப் பார்த்துக் கணக்குக் கேளுங்கள்.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது டாக்டரைப் பற்றி அல்ல.

டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிறேன். மீதி நாளெல்லாம் நான் இருப்பது என் வீட்டில். குக்கர் மூடி, தண்ணீர்க் குடம், மாவு வழிக்கவேண்டிய கிரைண்டர், குழாய்த் திருகு, மாத்திரை டப்பாவின் மூடி. என் நோய் இவற்றில்தான் இருக்கிறது. வீங்கிய மணிக்கட்டோடு குடம் தூக்கினால், மாத்திரை ஒரு வாரம் செய்த வேலையை அந்த ஒரு குடம் கெடுத்துவிடுகிறது. ஆகவே காலை ஆறு மணிக்கு வந்து பத்து மணி வரை இருக்கும் அந்தப் பெண் எனக்கு வேலைக்காரி அல்ல. என் சிகிச்சையில் பாதி அவர்.

இதை நம் ஆட்கள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். மாத்திரைக்கு ஐயாயிரம் ரூபாய் என்றால் "பாவம்" என்பார்கள். வீட்டு உதவிக்கு ஐயாயிரம் என்றால் "வசதி" என்பார்கள். அரசாங்கக் கணக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஓய்வூதியர் காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் படுக்காமல் வீட்டிலேயே வலியோடு நடமாடுகிறவளுக்கு மருத்துவப் படி 300 ரூபாய். திருச்சிக்கு ஒருமுறை போய்வந்தால் சரியாகிவிடும்.

ஏஜென்சி மூலமும் முயன்றேன். முன்பணம் வாங்கிக்கொண்டு இருபத்திரண்டாயிரம் சம்பளம் சொன்னார்கள். நான்கு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். "பயிற்சி பெற்ற நர்ஸ்" என்று வந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, தன் ஊரை நினைத்து அழுதுகொண்டிருந்தது. அதற்கு நான் சமைத்துப் போட்டேன். இப்போது வருகிறவர் பக்கத்துத் தெரு. என்னைவிடப் பத்து வயது சின்னவர், அவருக்கும் முழங்கால் வலி. ஞாயிறு விடுமுறை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதல். உடம்பு முடியாமல் வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. வலி என்றால் என்னவென்று தெரிந்தவள் பிடிக்கலாமா?

அரசு செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு என்பது என் தெருவிலேயே பலருக்குத் தெரியவில்லை. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்தேன். வந்த பெண் கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கக் கற்றுக்கொடுத்தார். பாத்திரத்தை விரலால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தச் சொன்னார். காசில்லாத வைத்தியம், ஆனால் அடுப்படியில் நின்று சொல்லித்தர ஒருவர் வரவேண்டியிருந்தது. வீடு தேடி மருந்து வரலாம், பயிற்சி வரலாம் என்றால், வாரத்தில் சில மணி நேரம் கைவேலைக்கு ஓர் ஆளும் ஏன் வரக்கூடாது? ஓய்வூதியர் சங்கத்தில் இதைக் கோரிக்கையாக வையுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது முறையும் எழுதுவேன்.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் தினமும் தாமதமாக வருவாள். கேட்டால், "அம்மாவால காலையில எந்திரிக்க முடியாது டீச்சர், கை மடங்காது, நான்தான் சோறாக்கிட்டு வர்றேன்" என்பாள். சாக்குச் சொல்கிறாள் என்று வெளியே நிறுத்தினேன். ஒரு நாள் எல்லார் முன்னாலும், "உங்கம்மாவைச் சீக்கிரம் தூங்கி எழச் சொல்லு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சொன்னது என்ன நோய் என்று இன்று என் கைக்குத் தெரிகிறது. அவள் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. பெயரை இங்கே போடவில்லை. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நானே போய்ப் பார்க்கிறேன்.

என்னைப் பார்க்க வர நினைப்பவர்கள் பதினொரு மணிக்குமேல் வாருங்கள். தைலம், எண்ணெய், பொட்டலம் எதுவும் வேண்டாம். மணியை ஒருமுறை அடித்தால் போதும். தாழ்ப்பாளைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், வந்துகொண்டுதான் இருப்பேன்.