மழையை நிறுத்தும் வயலுக்கு நகரம் கூலி தர வேண்டும்

ஏரி நிரம்பினால் கலிங்கில் நீர் வழிகிறது. கலிங்கு இல்லாவிட்டால் கரை உடையும். நகரத்துப் பாதாளச் சாக்கடைக்கும் இப்படி ஒரு கலிங்கு உண்டு. ஆனால் அதில் வழிவது வெறும் மழைநீர் அல்ல. மலமும் வீட்டுக் கழிவும் கலந்த நீர். அது நேராக ஆற்றில் விழுகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவன் தலையில்தான் அந்தப் பாரம் இறங்குகிறது.

இதைத் தடுப்பது இன்ஜினீயர்கள் வேலை, விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் கடந்து வந்த பாதையைப் பார்த்தால், விவசாயிக்கும் அதில் பங்கு இருப்பது விளங்கும்.

ஒரே குழாயில் இரண்டு நீர்

மில்வாக்கி, விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ளது. நகரின் பழைய பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய்தான். மழை இல்லாத நாளில் அவ்வளவும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பெருமழை கொட்டினால் நிலையம் தாங்காது. சாக்கடை வீடுகளுக்குள் எதிர்த்து ஏறாமல் இருக்க, ஆற்றில் திறந்து விடுவதைத் தவிர வேறு வழியில்லை. முன்பெல்லாம் ஆண்டுக்கு 50, 60 தடவை இப்படி நடந்தது. அதே ஏரியை நம்பியிருக்கும் பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸ், மில்வாக்கியின் கழிவை எதிர்த்து 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது.

நகரம் முதலில் கையாண்டது பழைய வழியைத்தான். பூமிக்குக் கீழே சுமார் 300 அடி ஆழத்தில் பெரிய சுரங்கம் வெட்டினார்கள். 1994-ல் அது வேலைக்கு வந்தது. இன்று அதன் நீளம் 28 மைலுக்கு மேல். கொள்ளளவு சுமார் 52 கோடி காலன், அதாவது 197 கோடி லிட்டர். மழை நேரத்தில் நீரைத் தேக்கி, மழை நின்றபின் பம்பு மூலம் மேலே ஏற்றிச் சுத்தம் செய்கிறார்கள். இந்தச் சுரங்கத்தை உள்ளிட்ட திட்டத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் செலவாயிற்று. பலன் இல்லாமல் இல்லை. ஆற்றில் திறந்து விடுவது ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மூன்று தடவையாகக் குறைந்தது.

ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. 2025 ஆகஸ்டு 9, 10 தேதிகளில் நகரின் சில பகுதிகளில் 10 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியபோது, சுரங்கம் நிரம்பிச் சாக்கடை மீண்டும் ஆற்றில் பாய்ந்தது.

விழுந்த இடத்தில் நிறுத்துவது

ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் மழை பெய்தால் சுமார் 1 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. இந்தக் கணக்குப்படி அந்தப் பெரிய சுரங்கம் கொள்வது, சுமார் 19,000 ஏக்கரில் பெய்யும் ஓர் அங்குல மழையைத்தான். சிமெண்டும் தாரும் பூசிய தரை ஒரு சொட்டையும் குடிக்காது. அத்தனையும் குழாய்க்கு ஓடும்.

ஆகவே இரண்டாவது வழி தேவைப்பட்டது. கூரை நீரைச் சாக்கடையில் விடாமல் தோட்டத்துக்குத் திருப்புவது, சாலையோரம் பள்ளம் எடுத்துச் செடி வளர்ப்பது, நீர் இறங்கும் கற்களால் தளம் போடுவது, மொட்டை மாடியில் மண் பரப்பிப் புல் வளர்ப்பது போன்றவை அவை. 2035-க்குள் கட்டாந்தரையில் விழும் முதல் அரை அங்குல மழையை இப்படி நிறுத்த வேண்டும் என்பது அந்த வட்டாரக் கழிவுநீர் வாரியத்தின் குறிக்கோள். அந்த அளவு 74 கோடி காலன். சுரங்கத்தின் கொள்ளளவைவிட இது அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

அதற்காகச் சுரங்கம் வீண் என்று சொல்லிவிட முடியாது. களிமண் மெதுவாகவே நீர் குடிக்கும். குளிர்காலத்தில் அங்கே மண் உறைந்து விடும். நான்கு நாள் அடைமழையில் ஊறிய மண் ஐந்தாம் நாள் மழையை ஏற்காது. சிறு மழையை மண்ணிடம் விட்டு, பெருமழைக்குச் சுரங்கத்தைக் காலியாக வைத்திருப்பதே அறிவுடைமை. பண்ணைக் குட்டையும் வரப்பும் இருக்கிற ஊரில் ஏரிக்கு வேலை குறைகிறது; ஆனால் ஏரியே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

விவசாயியின் பங்கு

2001 முதல் அந்த வாரியம் நகரத்தைத் தாண்டியும் சென்றது. ஆற்றோரங்களில் நீரை நன்றாக உறிஞ்சும் நிலங்களை, விற்க விரும்புவோரிடமிருந்து மட்டும் வாங்கி, கட்டடம் வராமல் காக்கிறது. இந்த நிலத்தில் தங்கும் நீர் நேரடியாகச் சாக்கடைக்குப் போகும் நீர் அல்ல, ஆற்றுக்குப் போகும் நீர். ஆனால் ஆறு பெருகினால் கரையோரச் சாக்கடைத் தொட்டிகளின் மூடி வழியாகவும் குழாய் இணைப்புகள் வழியாகவும் வெள்ளம் உள்ளே புகும். மேலே உள்ள வயல் நீரைத் தாமதப்படுத்தினால் கீழே உள்ள சாக்கடைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது.

இன்னொரு முறையும் அங்கே உண்டு. நிலத்தை வாங்காமல், அதில் கட்டடம் எழுப்பும் உரிமைக்கு மட்டும் விவசாயிக்குப் பணம் தருகிறார்கள். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும், உழவும் நடக்கும்.

இந்த இரண்டில் இரண்டாவதே சிறந்தது. நிலத்தை விற்றவன் கையில் பணம் நிற்பதில்லை. உழுது கொண்டே நீரையும் காக்கிறவனுக்குத் தொழிலும் மிஞ்சும், மண்ணும் மிஞ்சும். ஆனால் இதிலும் எச்சரிக்கை வேண்டும். அந்த ஒப்பந்தம் நிரந்தரமானது. மகனையும் பேரனையும் கட்டும். நாளை மனை விலை ஏறினாலும் மனையாக விற்க முடியாது. ஆகவே இன்றைய விளைச்சல் விலையை வைத்து உரிமையை விட்டுக்கொடுப்பது சரியல்ல. அந்த வேலைக்கு நகரம் இன்னொரு சுரங்கம் வெட்டினால் என்ன செலவாகும் என்று கணக்குப் பார்த்து, அதையொட்டி விலை தர வேண்டும். இது தானம் அல்ல. செய்த வேலைக்குக் கூலி.

சாக்கடையிலிருந்து உரம்

மில்வாக்கி 1926 முதல் கழிவுநீரின் வண்டலைக் காயவைத்து ‘மிலார்கனைட்’ என்ற பெயரில் உரமாக விற்று வருகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, இரும்புச்சத்து உள்ள உரம் அது. நகரத்துக் கழிவு மண்ணுக்குத் திரும்புவது நல்லதே. ஆனால் ஆலைக் கழிவும் அதே குழாயில் வந்தால் நஞ்சும் வண்டலோடு வரும். எளிதில் சிதையாத இரசாயனங்கள் வயல்களில் சேர்ந்ததைக் கண்டு, மெயின் மாநிலம் 2022-ல் சாக்கடை வண்டலை நிலத்தில் இடுவதற்கே தடை விதித்தது. எனவே சோதனை முடிவைக் காணாமல் எந்த நகரத்து வண்டலையும் வயலில் இடக் கூடாது. இலவசமாகக் கொடுத்தாலும் இதுதான் விதி.

தமிழ்நாட்டுச் சிறு விவசாயிக்கு இதில் பாடம் உண்டு. நகரத்தை ஒட்டிய ஆயக்கட்டு மனையாகும்போது போவது நெல் மட்டுமல்ல. மழையை நிறுத்தி வைத்த இடமும் போகிறது. 2003-ல் மாநிலம் முழுவதும் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வீட்டுக்காரன் தன் கூரை நீரை மண்ணில் இறக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல ஏக்கர் நீரைப் பைசா வாங்காமல் மண்ணில் இறக்கும் வயல்காரனை அதே சட்டம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

வரப்பை உயர்த்திக் கட்டுகிறவன் தன் பயிருக்காக மட்டும் கட்டுவதில்லை. கீழே இருக்கும் ஊருக்காகவும் கட்டுகிறான். அதை ஊர் உணரும்படி கேட்பது விவசாயச் சங்கங்களின் கடமை.