மாத்திரை இலவசம், ரகசியத்துக்கு யார் காவல்?

புது தில்லி: கரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த 21 நாள் பொது முடக்கம், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கான சிகிச்சைத் திட்டத்தின் பலவீனம் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. 2004 முதல் அரசு மருந்தை இலவசமாக வழங்குகிறது. ஆனால், அதைப் பெறச் செல்லும் வழியில் நோயாளியின் ரகசியத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

தலைநகரின் புசா ரோட்டையே எடுத்துக் கொள்வோம். அதன் மேல் செல்லும் மெட்ரோ ரயில் ஐந்து மாதங்களுக்கு மேல் ஓடவில்லை. அப்பகுதியில் வசிப்பவர் சில கிலோமீட்டர் தொலைவில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் உள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்ல, போலீஸ் தடுப்புகளைக் கடந்தாக வேண்டும். எங்கே செல்கிறீர்கள் என்ற கேள்விக்குச் சர்க்கரை நோயாளி தயங்காமல் பதில் கூறலாம். எச்.ஐ.வி. நோயாளிக்கோ அந்தப் பதிலே ஆபத்து. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று தொலைதூர மையத்தில் பதிவு செய்து கொண்டவர்களின் நிலை இன்னும் சிக்கலானது.

ஆயுள் முழுவதும், நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. இடைவெளி விழுந்தால் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத நிலையும் உருவாகலாம். சிகிச்சை ஆறு மாதங்கள் தடைபட்டால் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கூடுதலாக 5 லட்சம் பேர் இறக்கக்கூடும் என உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும் 2020 மே மாதம் எச்சரித்தன.

மன நலப் பாதிப்பும் இதனுடன் பின்னிப் பிணைந்தது. வருமானம் நின்று, குடும்பமே ஓர் அறைக்குள் முடங்கிய நாள்களில் மாத்திரையை மறைத்து உட்கொள்வதே அன்றாடப் போராட்டம். மனம் விட்டுப் பேச இருந்த ஆலோசகரும் மையத்தில்தான் இருந்தார். மனச்சோர்வு மாத்திரையைத் தவறவிடச் செய்யும். தவறிய மாத்திரை அச்சத்தைப் பெருக்கும்.

பல மாத மருந்தை மொத்தமாக வழங்க தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. நோயாளிகளின் சங்கங்கள் அதை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. ஆனால், இது நிர்வாக ஏற்பாடே தவிர, உரிமை அல்ல. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாடு எனக் கூறி அந்த அமைப்பின் தில்லி அலுவலகத்தில் நோயாளிகள் ஒரு மாதத்துக்கும் மேலாகப் போராடினர். நாடு தழுவிய தட்டுப்பாடு இல்லை என்றது மத்திய அரசு.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், தொற்றை வெளியிடும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதே சட்டம், சிகிச்சையை "இயன்றவரை" வழங்கினால் போதும் என்றும் கூறுகிறது. நெருக்கடி வரும்போது அரசுக்குக் கைகொடுப்பது அந்த ஒற்றைச் சொல்தான். மூன்று மாத மருந்தையும், காரணம் கேட்காத மருத்துவப் பயண அனுமதியையும், தொலைபேசி ஆலோசனையையும் சட்டப்பூர்வ உரிமையாக்குவதே அடுத்த முடக்கத்துக்கு முன் செய்ய வேண்டிய பணி.