போர்பன் வரி குறைந்தது, ஷூ வரி ஏறியது: ஆம்பூர்க்காரருக்கு இதில் என்ன கணக்கு?

2025 பிப்ரவரி 13. பிரதமர் மோடி வாஷிங்டனில் அதிபர் ட்ரம்பைச் சந்தித்த அதே தேதியில், டெல்லியில் ஓர் அறிவிக்கை வெளியானது. போர்பன் விஸ்கிக்கான இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைந்தது. 'இனி அமெரிக்க சரக்கு சீப்பா கிடைக்கும்' என்று வாட்ஸ்அப் குரூப்களில் செய்தி பறந்தது.

ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 27-ம் தேதி முதல், இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50% கூடுதல் வரி போட்டது. அதில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரத்தில் தயாராகும் ஷூவும் தோல் பொருட்களும் அடக்கம்.

ஒரே வருடம், ஒரே இரண்டு நாடுகள். ஒரு பக்கம் சலுகை, இன்னொரு பக்கம் அடி. பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் வேலை பார்க்கும் ஒருவர், சனிக்கிழமை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒரு பெக் போர்பன் சுவைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தால், இந்த வரி மாற்றம் அவர் பாக்கெட்டில் என்ன செய்யும்? கையில் இருக்கும் காசுக்கு எதைப் பார்த்து வாங்கலாம்? கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

முதலில், போர்பன் என்றால் என்ன?

பிஸ்கட் இல்லை. அமெரிக்கச் சட்டம் இலக்கணம் வகுத்திருக்கும் ஒரு வகை விஸ்கி. ஊறவைக்கும் தானியத்தில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். நிறமோ வாசனையோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 'இது அமெரிக்காவுக்கே உரிய தனிப் பொருள்' என்று 1964-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானமே போட்டது. கென்டக்கி மாநிலம்தான் இதன் தலைநகரம் என்றாலும், அமெரிக்காவில் எங்கே தயாரித்தாலும் போர்பன்தான்.

நம் ஊரில் 'விஸ்கி' என்ற பெயரில் அதிகம் விற்பவை வேறு ரகம். கரும்பு மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த, வாசனையே இல்லாத சுத்த ஸ்பிரிட்தான் அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை. அதோடு கொஞ்சம் மால்ட் விஸ்கி, நிறம், ஃபிளேவர் சேரும். போர்பனில் நிறம் முழுக்க மரத்திலிருந்தே வருகிறது. வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

வரி குறைந்ததே, விலை எவ்வளவு குறையும்?

பலர் குழம்புவது இங்கேதான். 150-லிருந்து 100 என்றால் விலை 50% குறையும் என்று அர்த்தம் இல்லை.

ஒரு பேச்சுக்கு, துறைமுகத்தில் வந்து இறங்கும் பாட்டிலின் மதிப்பு ₹500 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரியோடு அது ₹1,250. புது வரியோடு ₹1,000. குறைவது ₹250, அதாவது 20%. இந்தக் குறைவும் துறைமுக வாசலோடு சரி.

அதற்குப் பிறகுதான் மாநிலம் வருகிறது. மது ஜிஎஸ்டிக்குள் வராது. ஆயத்தீர்வை, மதிப்புக்கூட்டு வரி, கட்டணங்கள் எல்லாம் மாநில அரசின் கையில். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனையும் 2003 முதல் டாஸ்மாக் கையில். 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் ₹48,344 கோடி. நீங்கள் கவுன்டரில் கொடுக்கும் காசில் டெல்லியின் பங்கு ஒரு துண்டுதான். அந்தத் துண்டு சின்னதானாலும், இறக்குமதியாளர், மாநிலம் என்று மற்ற துண்டுகள் அப்படியே இருந்தால், பில்லில் பெரிய மாற்றம் தெரியாது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி ஸ்காட்ச் விஸ்கி வரி 150-லிருந்து முதலில் 75, பத்து ஆண்டில் 40. அப்போது போர்பனின் 100 சதவீதம் சலுகையாகத் தெரியாது, கூடுதலாகவே தெரியும். ஆகவே 'குறைந்த விலை போர்பன்' என்று யாராவது சொன்னால், எதை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

இதில் ஆம்பூருக்கு என்ன?

அளவைப் பாருங்கள். 2023-24-ல் இந்தியா இறக்குமதி செய்த போர்பனின் மொத்த மதிப்பு சுமார் 25 லட்சம் டாலர், அதாவது ₹21 கோடி அளவு. இந்தியத் தோல், காலணி ஏற்றுமதியோ பல நூறு கோடி டாலர் வியாபாரம். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வாங்குவது அமெரிக்கா.

போர்பனில் இந்தியா விட்டுக்கொடுத்தது சின்னத் தொகை. ஆனால் சைகையாக அது பெரியது. பிப்ரவரியில் இரு தலைவர்களும் வெளியிட்ட கூட்டறிக்கையில் அமெரிக்கா அதைப் பெயர் சொல்லி வரவேற்றது. அடுத்த மாதமே, மார்ச் 11-ல், வெள்ளை மாளிகை செய்தித் தொடர்பாளர் 'இந்தியா அமெரிக்க மதுவுக்கு 150% வரி போடுகிறது' என்று செய்தியாளர்கள் முன் குறை சொன்னார். குறைத்தது போர்பனுக்கு மட்டும்தான், மற்ற விஸ்கி வகைகளுக்கு 150% அப்படியே இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது கென்டக்கி போர்பனைத்தான்!

இப்போது ஷூ கணக்கு. அந்த 50% கூடுதல் வரி இருந்தபோது, ஆம்பூரிலிருந்து 20 டாலருக்கு ஒரு ஜோடி போனால், வழக்கமான வரிக்கு மேல் இன்னும் 10 டாலர். அதே ஜோடி வியட்நாமிலிருந்து போனால், அப்போது கூடுதல் வரி 20%, அதாவது 4 டாலர். இந்தோனேசியா, கம்போடியாவுக்கு அப்போது 19%. 6 டாலர் வித்தியாசத்தை எந்த பையரும் சும்மா தாங்கிக்கொள்ள மாட்டார். 'பாதியை நீங்க ஏத்துக்கோங்க' என்பார், இல்லை அடுத்த சீசன் ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவார். ஆர்டர் தளர்ந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம். தையல் மெஷினில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்களின் வீட்டுக்குத்தான் அது முதலில் தெரியும்.

கென்டக்கியிலும் இதே கதை நடக்கிறது. 2018-ல் ட்ரம்ப் உருக்கு வரி போட்டதும், ஐரோப்பிய ஒன்றியம் பதிலடியாக போர்பனுக்கு 25% போட்டது. 2025 மார்ச்சில் கனடாவின் பல மாகாணங்கள் அரசு மதுக்கடைகளில் அமெரிக்கச் சரக்கையே எடுத்துவிட்டன. மக்கள்தொகையைவிட அதிக பீப்பாய்கள் ஊறிக்கொண்டிருக்கும் மாநிலம் அது. விற்பனை நின்றால் அங்கேயும் வேலைதான் போகும். பேரம் பேசுகிறவர்களுக்கு போர்பனும் ஷூவும் காய்கள். தைப்பவரும் வடிப்பவரும் அந்தப் பேரத்தில் உட்காரவில்லை.

சரி, காசுக்கு ஏற்ற பாட்டிலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லேபிளைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் குறைந்தது 2 வருடம் பீப்பாயில் இருந்தது. 4 வருடத்துக்குக் குறைவான ஸ்ட்ரெய்ட் போர்பன் என்றால் வயதை எழுதியே ஆக வேண்டும். எழுதவில்லை என்றால் 4 வருடம் தாண்டியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

'பாட்டில்ட் இன் பாண்ட்' என்பது 1897-ம் வருடச் சட்டத்தின் பெயர். கலப்படத்தைத் தடுக்க வந்தது. ஒரே டிஸ்டில்லரி, ஒரே சீசன், குறைந்தது 4 வருடம், 50% ஆல்கஹால். இந்தச் சொல் இருந்தால் கொடுக்கும் காசுக்கு உத்தரவாதம் உண்டு.

'ஸ்மால் பேட்ச்' என்பதற்குச் சட்டப்படி எந்த அளவும் கிடையாது. அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

'புரூஃப்' என்று ஓர் எண் இருந்தால் இரண்டால் வகுங்கள். 80 புரூஃப் என்றால் 40%.

நம் பக்கம் தெரிந்த பெயர்களில் ஜிம் பீம், வைல்ட் டர்க்கி இரண்டிலும் மக்காச்சோளத்தோடு ரை என்ற தானியம் சேரும், அதனால் மிளகு காரம் தெரியும். மேக்கர்ஸ் மார்க்கில் ரைக்குப் பதில் கோதுமை, அதனால் மென்மை. ஜாக் டேனியல்ஸ் தன்னை டென்னசி விஸ்கி என்றே சொல்லிக்கொள்கிறது. அதை பீப்பாய்க்குப் போகும் முன் மேப்பிள் மரக்கரியில் வடிகட்டுவார்கள்.

கணக்கை பாட்டிலாகப் பார்க்காமல் பெக்காகப் பாருங்கள். 750 மில்லியில் 30 மில்லி பெக் 25 வரும். பாட்டில் ₹3,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு பெக் ₹120. வாரம் ஒன்று என்றால் அந்த பாட்டில் கிட்டத்தட்ட ஆறு மாதம் வரும். அதே பாட்டிலை ஒரே ராத்திரியில் நாலு பேர் முடித்தால் அது விலை உயர்ந்த சரக்கு, மெதுவாகச் சுவைத்தால் கட்டுப்படியாகும் சரக்கு.

பக்கத்து மாநிலத்தில் விலை குறைவு என்று ஆந்திராவிலிருந்தோ கர்நாடகாவிலிருந்தோ பாட்டிலைக் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் சிக்கல் வரும். வெளிநாட்டிலிருந்து திரும்புபவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் அனுமதி உண்டு. 'மிலிட்டரி, டூட்டி ஃப்ரீ' என்று சொல்லி யாரோ கொடுக்கும் பாட்டிலை நம்ப வேண்டாம். பழைய பாட்டிலில் வேறு சரக்கை நிரப்பி விற்பது பழைய வித்தை.

வீட்டில் எப்படிச் சுவைப்பது?

விலை உயர்ந்த கிளாஸ் தேவையில்லை. வாய் கொஞ்சம் குறுகிய சின்ன கண்ணாடி டம்ளர் போதும். 30 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். பிறகு மூக்கை உள்ளே விடாமல், வாயைச் சற்றே திறந்தபடி மெதுவாக முகர்ந்து பாருங்கள். முதல் சிப் நாக்கைப் பழக்கத்தான், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது சிப்பிலிருந்துதான் சுவை பிரியும். காரம் தூக்கலாக இருந்தால் சில துளி தண்ணீர் விடுங்கள், வாசனை திறக்கும். வேலூர் வெயிலில் ஒரு ஐஸ் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஐஸ் போட்டால் வாசனை அடங்கும் என்பதால் முதல் பாதியை ஐஸ் இல்லாமல் பாருங்கள்.

ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் 'வெனிலா, கேரமல்' எல்லாம் கருகிய மரத்தின் வேலை. தீ படும்போது மரத்திலுள்ள லிக்னின் உடைந்து வெனிலின் ஆகிறது, மரச் சர்க்கரை கேரமலாகிறது. நம் நாக்குக்கு அது சுட்ட சோளம், பனைவெல்லப் பாகு, கிராம்பு என்று தோன்றலாம். ஆற்காடு மக்கன் பேடாவின் பாகு லேசாகக் கருகினால் வரும் வாசம் என்று தோன்றினாலும் தப்பில்லை. உங்களுக்குத் தெரிந்த வாசனையின் பெயரைச் சொல்லுங்கள், அதுதான் சரியான குறிப்பு.

கடைசியில் நாக்கின் ஓரத்தை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு சுவை வரும். அறுசுவையில் நமக்கு அதற்குப் பெயர் உண்டு: துவர்ப்பு. ஓக் மரத்திலுள்ள டானின் செய்யும் வேலை அது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு நம் ஊரில் தோல் பதனிட்ட காலத்தில் தோலைத் தோலாக்கியதும் இதே டானின்தான். ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையிலேயே தோல் பதனிட்டார்கள். விஸ்கி சுவைப்பவர்கள் பழைய பாட்டில்களில் 'தோல் வாசனை' இருக்கிறது என்று எழுதுவது வழக்கம். கென்டக்கிக்காரர் தேடிப் பிடிக்கும் அந்த வாசனை, பட்டை போட்டுப் பதனிட்ட தோலோடு வளர்ந்தவருக்கு முதல் முகர்விலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வழி: நண்பர் ஒருவரிடம் ஒரு பாட்டில், உங்களிடம் வேறொன்று. டம்ளர் அடியில் நம்பர் ஒட்டி, எது எது என்று தெரியாமல் பாதிப் பாதி பெக் ஊற்றிச் சுவைத்துப் பாருங்கள். விலை அதிகமானதுதான் பிடிக்கும் என்ற நினைப்பு பல தடவை அங்கேயே உடையும். திறந்த பாட்டிலை நிற்க வைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

மறக்கக் கூடாத கணக்கு

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொன்னது. இந்தப் பகுதியில் குடிக்காதவர்கள் ஏராளம், அவர்கள் எதையும் இழக்கவில்லை. குடித்தால் வண்டி எடுக்காதீர்கள். விட முடியவில்லை என்றால் 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

போர்பன் வரி என்ன ஆகும் என்பதைவிட, ஷூ வரி என்ன ஆகும் என்பதுதான் ஆம்பூருக்குப் பெரிய செய்தி. அடுத்த தடவை 'இந்தியா - அமெரிக்கா வர்த்தகப் பேச்சு' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால், விஸ்கி வரியோடு நிறுத்தாமல் ஷூ வரி எத்தனை சதவீதம் என்ற வரியையும் தேடிப் படியுங்கள். மாதச் சம்பளம் வருவது அந்த வரியை நம்பித்தான்.