இலக்கண வகுப்பில் தமிழுக்கும் ஓர் இடம்

ஆங்கில வகுப்பில் தமிழில் பேசினால் தண்டப்பணம் என்ற வழக்கம் சில ரியூசன் வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. பெற்றோருக்கும் அது பிடித்திருக்கிறது. "முழுக்க இங்கிலிஷிலதான் படிப்பிக்கிறாங்க" என்று சொல்வதில் ஒரு பெருமை. நான் இதற்கு மாறான கருத்துடையவள். எங்களைத் தடுமாற வைக்கும் ஆங்கில இலக்கணக் கேள்விகள் பலவற்றுக்கு விளக்கம் தமிழிலேயே இருக்கிறது. அதைத் தண்டம் போட்டு வெளியே நிறுத்துகிறோம்.

தங்கச்சியின் கொப்பியில் 'ஐ டிட் நொட் வென்ட்' என்ற வரி சிவப்புப் பேனாவால் வெட்டப்பட்டிருந்தது. காரணம் எழுதப்படவில்லை. "நான் போனவில்லை என்று சொல்லுவியா?" என்று கேட்டேன். சிரித்தாள். 'போனேன்' என்பது மறுப்பில் 'போகவில்லை' ஆகிறது. காலம் காட்டாத 'போக' வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் இறந்தகாலத்தை 'டிட்' சுமப்பதால் 'வென்ட்' திரும்பவும் 'கோ' ஆகிறது. அதன்பின் அவள் அந்தப் பிழையை விடவில்லை.

'ஏ', 'அன்' சங்கதியும் அப்படித்தான். உயிரெழுத்துக்கு முன் 'அன்' என்று பாடமாக்கிய பிள்ளை 'அன் யுனிவர்சிட்டி' என்று எழுதுகிறது. பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. 'யு' என்ற ஒலியில் தொடங்குவதால் 'ஏ யுனிவர்சிட்டி'. மணித்தியாலத்தைக் குறிக்கும் சொல்லில் முதலெழுத்து ஒலிக்காததால் 'அன் அவர்'. 'ஓர் ஊர்', 'ஒரு யானை' என்று எழுதத் தெரிந்தவளுக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

'சின்ஸ்', 'ஃபோர்' இரண்டையும் எங்கள் வீடுகளின் கதையை வைத்தே விளக்கலாம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் இங்கே பல. '1990 இலிருந்து' என்றால் தொடங்கிய புள்ளி, அது 'சின்ஸ்'. 'இருபது வருடமாக' என்றால் காலத்தின் நீளம், அது 'ஃபோர்'. ஆனால் வினைச்சொல்லில் இரு மொழிகளும் பிரிகின்றன. 'பத்து வருடமாக இங்கே இருக்கிறோம்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஹாவ் பீன் லிவிங்' என்கிறது. 'ஆர் லிவிங்' என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை; தமிழில் சரியாக யோசித்துத்தான் எழுதுகிறது. பாதை பிரியும் இடத்தைக் காட்டாமல் வெட்டிவிட்டால், அடுத்த தவணையும் அதே பிழை வரும்.

நேர்முகப் பரீட்சையில் காலை வாருவது 'யெஸ்'. "சாப்பிடேல்லையா?" என்றால் "ஓம், சாப்பிடேல்லை" என்போம். நமது 'ஓம்' கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்வது. ஆங்கில 'யெஸ்' நடந்ததை மட்டும் பார்க்கும். சாப்பிடாதவர் 'நோ' என்றே தொடங்க வேண்டும். "கணினிப் பயிற்சி பெறவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்பவரிடம் 'யெஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பெற்றதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் தமிழை ஒதுக்கிவிட்டு வளரவில்லை. 1824 இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான வின்சுலோ பாதிரியாரின் பெயரில்தான் 1862 இல் பெரிய தமிழ் ஆங்கில அகராதி வெளிவந்தது. மிஷனரியாக வந்தவரே தமிழுக்குள் அவ்வளவு தூரம் போனார். வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்த ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலை அவர் தமிழில்தான் எழுதினார்.

தமிழில் விளக்கினால் ஆங்கிலம் பேச வராது என்பது என் உம்மாவின் பயம். பேச்சுப் பயிற்சி முழுக்க ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது விளக்கத்துக்குத் தமிழ். கேள்வியை ஆங்கிலத்தில் அமைக்கத் தெரியாததால் கேட்காமலே இருந்துவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் பின்வாங்கில் இருக்கிறார்கள். பெற்றோர் அடுத்த முறை ரியூசனில் சேர்க்கப் போகும்போது, மாதக் கட்டணத்தோடு இதையும் விசாரியுங்கள்: பிழைக்குக் காரணம் சொல்வார்களா, பிள்ளை தமிழில் சந்தேகம் கேட்கலாமா?